சாயவேரை இழந்தோம், மதுவத்தையும் இழப்பதா?

நுண்ணங்கிகளின் அனுசேபத்தைக் கணினியில் கணக்குப் போட்டு மருந்தும் சாயமும் தொழிற்சாலை மூலப்பொருளும் எடுக்கிறது உலகம். ஊர்காவற்றுறை, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு மக்களுக்கு அதில் என்ன பங்கு?

விடியற்காலை. வேலணையில் பனைகளின் தலையில் வெளிச்சம் ஏறுகிறது. தளநாரைக் காலில் மாட்டிக்கொண்டு சீவல் தொழிலாளி ஒருவர் முதல் மரத்தில் ஏறுகிறார். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டு, இரவு முழுக்க ஊறி நிறைந்த முட்டியை இறக்குகிறார். உள்ளே வெண்ணிற நுரை. காதுக்குக் கிட்டக் கொண்டுபோனால் சிர்ரென்று ஒரு சத்தம். அது கள்ளு. பக்கத்து மரத்திலிருந்து அடுத்த முட்டி இறங்குகிறது. அதில் நுரையுமில்லை, சத்தமுமில்லை. தெளிந்த, தித்திக்கும் கருப்பநீர். பனங்கட்டி காய்ச்சப் போவது.

மரம் ஒரே இனம், நிலம் ஒன்று, ஊறிய இரவும் ஒன்று. இரண்டாவது முட்டியின் உட்புறத்தில் பூசியிருந்த சுண்ணாம்புதான் வித்தியாசம். சுண்ணாம்பு கருப்பநீரைக் காரமாக்குகிறது. அந்தக் காரத்தில் மதுவமும் பற்றீரியாவும் தலையெடுக்க முடிவதில்லை. சீனி சீனியாகவே இருந்துவிடுகிறது. முதல் முட்டியில் தடையில்லை. மதுவம் சீனியைத் தின்று அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் வெளியே விட்டது. அந்த முட்டியை அப்படியே மாலைவரை வைத்திருந்தால் புளிக்கும். இன்னும் சில நாள் காற்றுப்பட வைத்தால் வினாகிரி. ஒரே சாறு, எதைத் தடுத்தோம், எதைத் திறந்துவிட்டோம் என்பதைப் பொறுத்து விளைபொருள் மாறுகிறது.

பனையடியில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் இந்த வேலையின் பெரிய வடிவம் இன்று உலகின் உயிரியற் தொழிற்றுறையைத் தாங்கி நிற்கிறது. நுண்ணங்கியின் உடலுக்குள் நடக்கும் ஆயிரக்கணக்கான இரசாயனத் தாக்கங்களைக் கணினியில் எழுதி, எந்த வழியை அடைத்தால், எந்த வழியை அகலமாக்கினால் வேண்டிய பொருள் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணித்துவிட்டு, அதன்படி பரம்பரையலகுகளை வெட்டியும் ஒட்டியும் புதுவகை நுண்ணங்கிகளைச் செய்கிறார்கள். இதற்கு அனுசேப மாதிரியாக்கம் என்று பெயர்.

முட்டிக்குள் இருக்கும் கணக்கு

ஒரு லீற்றர் கருப்பநீரில் ஏறத்தாழ 100 கிராம் சீனி இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். மதுவம் முதலில் ஒவ்வொரு சீனி மூலக்கூறையும் குளுக்கோசு ஒன்று, புரக்ரோசு ஒன்று என இரண்டாக உடைக்கிறது. பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு எத்தனோல், இரண்டு காபனீரொட்சைட்டு. நிறையைக் கூட்டிக் கழித்தால் அந்த 100 கிராம் சீனியிலிருந்து கிடைக்கக்கூடிய உச்ச அளவு சுமார் 54 கிராம் எத்தனோல். கனவளவில் 7 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. எவ்வளவு கெட்டிக்கார மதுவமானாலும் இதற்கு மேல் தர முடியாது. காபன் அணுக்கள் அவ்வளவுதான். உண்மையில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஏனென்றால் மதுவம் தன் உடலைக் கட்டவும் ஒரு பங்கு சீனியைச் செலவழிக்கிறது.

இது ஒரு பாதையின் கணக்கு. ஒரு கலத்துக்குள் இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட தாக்கங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் எத்தனை மூலக்கூறு உள்ளே போகிறது, எத்தனை வெளியே வருகிறது என்பது தெரியும். ஒரு பொருள் கலத்துக்குள் தேங்கிக் கிடக்காது, உண்டாகும் வேகத்திலேயே செலவாகும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சமன்பாடு கிடைக்கும். சமன்பாடுகளைவிடத் தெரியாக்கணியங்கள் அதிகம் என்பதால் விடையும் ஒன்றல்ல, எண்ணற்றவை. அவற்றுள் கலம் மிக வேகமாக வளரும் விடை எது, அல்லது நமக்கு வேண்டிய பொருள் மிகக் கூடுதலாக வரும் விடை எது என்று கணினியைக் கேட்கலாம். சாதாரண மடிக்கணினி ஒரு செக்கனுக்குள் பதில் சொல்லிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி வரும் வாகனங்களை நினைத்துப் பாருங்கள். வேலணையில் வீதி பிரிகிறது: ஒன்று ஊர்காவற்றுறைக்கு, மற்றது புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்கு. ஊர்காவற்றுறை வீதியை மூடினால் உள்ளே வரும் எல்லாம் குறிகட்டுவானுக்குத்தான் போயாக வேண்டும். கலத்துக்குள்ளும் எந்தச் சந்தியை மூடுவது என்பதே கேள்வி. ஆனால் ஆயிரம் சந்திகளில் நாலைந்தை மூட வேண்டும் என்றால், எந்த நாலைந்து என்பதைக் கோடிக்கணக்கான சேர்க்கைகளிலிருந்து பொறுக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க ஒரு ஆயுள் போதாது. அங்கேதான் கணினி தேவைப்படுகிறது.

இந்த யோசனையின் கூர்மை வேறோர் இடத்தில் இருக்கிறது. நுண்ணங்கி நமக்காக உழைப்பதில்லை. தன் வளர்ச்சிக்காகவே உழைக்கிறது. நமக்கு வேண்டிய பொருளை உண்டாக்கச் சொன்னால் அது அதற்குச் சுமை. சில தலைமுறைகளில் அந்தச் சுமையை உதறிவிடும். 2003இல் பென்சில்வேனியாவில் பேர்காட், பார்க்கியா, மரனாஸ் ஆகிய மூவரும் 'ஒப்ட்நொக்' என்ற கணக்கீட்டு முறையை வெளியிட்டார்கள். நமக்கு வேண்டிய பொருளை வெளியேற்றாமல் கலம் வளரவே முடியாது என்ற நிலை வரும்படி எந்தெந்தப் பரம்பரையலகுகளை நீக்க வேண்டும் என்று அது கண்டுபிடித்துத் தரும். கலம் தன் நலத்துக்காக வளரும். வளர்ந்தால் நமக்கும் பொருள் வரும்.

பெட்டிச் செய்தி: கணக்கு வளர்ந்த பாதை

1947: அமெரிக்காவில் ஜோர்ஜ் டான்சிக், கட்டுப்பாடுகளுக்குள் சிறந்த விடையைத் தேடும் கணித முறையை வகுத்தார். அனுசேபக் கணக்கின் அடித்தளம் இதுவே.

1996: மதுவத்தின் முழு மரபுத்தொகுதியும் வாசிக்கப்பட்டது.

1999: ஓர் உயிரியின் முழு மரபுத்தொகுதியையும் தழுவிய முதல் அனுசேப மாதிரி. பற்றீரியா ஒன்றுக்கு எட்வேர்ட்சும் பால்சனும் செய்தது.

2003: மதுவத்துக்கு முதல் முழு மாதிரி. 708 பரம்பரையலகுகள், 1,175 தாக்கங்கள்.

2017: ஈ. கோலை பற்றீரியாவின் மாதிரி 1,515 பரம்பரையலகுகளை எட்டியது. தாக்கங்கள் 2,700க்கு மேல்.

கணக்குப் பிழைத்த இடம்

இந்தக் கணக்குகள் எல்லாம் அப்படியே பலித்துவிடுவதில்லை. அதற்கும் கள்ளு முட்டியே சாட்சி.

முட்டியின் வாய் திறந்துதான் இருக்கிறது, காற்றும் கிடைக்கிறது. ஒட்சிசன் இருக்கும்போது மதுவம் சீனியை முழுக்க எரித்தால் பல மடங்கு சக்தி கிடைக்கும். பழைய மாதிரியைக் கேட்டால் அதைத்தான் சொல்லும்: ஒட்சிசன் இருந்தால் மதுவம் அற்ககோல் உண்டாக்காது, எல்லாவற்றையும் உடல் வளர்ச்சிக்கே திருப்பும். உண்மையில் நடப்பது எதிர்மாறு. சீனி அதிகமாக இருந்தால், காற்று இருந்தாலும் மதுவம் அற்ககோலையே உண்டாக்குகிறது. சீவல் தொழிலாளிக்குத் தெரிந்த இந்த உண்மை கணினிக்குத் தெரியாமற் போனது ஏன்? காபன் அணுக்களை எண்ணிய கணக்கு, நொதியங்களைச் செய்யக் கலத்துக்கு ஆகும் செலவை எண்ணவில்லை. முழுக்க எரிக்கும் பாதைக்கு நொதியங்கள் மிக அதிகம் வேண்டும்; கலத்துக்குள் அவ்வளவுக்கு இடமில்லை. 2017இல் சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தார் ஒவ்வொரு தாக்கத்துக்கும் அதன் நொதியச் செலவையும் சேர்த்து மதுவ மாதிரியைத் திருத்தினார்கள். அதன் பிறகு கணினியும் அற்ககோலைச் சரியாகக் கணித்தது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் பிள்ளைகள் இந்தத் துறைக்குள் போவதென்றால், கணிதம் தெரிந்தால் மட்டும் போதாது. மதுவம் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்துப் பழகிய கண்ணும் வேண்டும். அந்தக் கண் தீவுப்பகுதியில் தாராளமாக இருக்கிறது.

கணக்கிலிருந்து தொழிற்சாலைக்கு

மாதிரியாக்கத்துக்குக் கிடைத்த பெரிய வெற்றி ஒரு பிளாத்திக்கு மூலப்பொருள். பியூட்டேன்டையோல் என்பது நெகிழும் துணியிலும் வாகன உதிரிப்பாகங்களிலும் போகும் பொருள், பெற்றோலியத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. இயற்கையில் எந்த உயிரியும் அதைச் செய்வதாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் ஜினோமற்றிக்கா நிறுவனம் கணினியில் 10,000க்கு மேற்பட்ட சாத்தியமான பாதைகளைப் பட்டியலிட்டு, ஒன்றைத் தெரிந்து, ஈ. கோலை பற்றீரியாவுக்குள் அதைப் பொருத்தியது. எந்தப் பரம்பரையலகுகளை நீக்குவது என்பதையும் கணக்கே சொன்னது. 2011இல் வெளிவந்த ஆய்வறிக்கையின்படி ஒரு லீற்றருக்கு 18 கிராம். 2016இல் இத்தாலியின் அத்ரியா நகருக்கு அருகே ஆண்டுக்கு 30,000 தொன் கொள்ளளவுள்ள ஆலையை நோவமொன்ற் நிறுவனம் திறந்தது.

இந்தத் துறையில் தமிழகத்தின் பங்கு சிறியதல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த கிருஷ்ண மகாதேவன் தொடக்க ஆண்டுகளில் ஜினோமற்றிக்காவில் ஆய்வாளராக இருந்தவர். நேரத்தோடு மாறும் அனுசேபத்தைக் கணிக்கும் முறையை 2002இல் வகுத்தவர்களில் ஒருவர். இப்போது ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கார்த்திக் ராமன் குழு, ஒன்றாக நீக்கினால் கலம் இறந்துவிடும் பரம்பரையலகுச் சேர்க்கைகளை விரைவாகத் தேடும் கணக்கீட்டு முறையை 2015இல் வெளியிட்டது. ஒரே நுண்ணங்கியிலிருந்து இரண்டு பொருள்களை எடுக்கும் வழிகளையும் அவர்கள் தேடுகிறார்கள்.

அங்கே நடந்த இன்னொரு வேலை இலங்கைக்கும் நெருக்கமானது. கம்ப்ரொதெசின் என்ற புற்றுநோய் மருந்து மூலம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு மரமொன்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அதே மரம் இலங்கைக் காடுகளிலும் உண்டு. ஒரு தொன் மருந்துக்குச் சுமார் 1,000 தொன் மரப்பொருள் வேண்டும் என்கிறது ஐ.ஐ.டி. மரங்கள் அருகி வருகின்றன. பேராசிரியர் சுமிதா சிறிவஸ்தவாவும் கார்த்திக் ராமனும் அந்தத் தாவரக் கலங்களுக்கே அனுசேப மாதிரி ஒன்று அமைத்து, எந்த நொதியத்தைக் கூட்டினால் மருந்து கூடும் என்று கணித்து, ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார்கள். மரத்தை வெட்டாமல் மருந்து எடுக்கும் வழி அது.

சிவப்புக்காக மண்ணைக் கிண்டிய தீவுகள்

இப்போது தீவுகளுக்குத் திரும்புவோம். ஆய்வுகூடத்தில் பிறந்த ஒரு மூலக்கூறு ஒரு கரையோரத்தின் பிழைப்பை என்ன செய்யும் என்பதை இந்த மண் ஒருமுறை பார்த்திருக்கிறது.

மாரி முடிந்த பின் கடலோர மணலில் நிலத்தோடு ஒட்டிப் படரும் ஒரு சிறு பூண்டு உண்டு. பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. சித்த வைத்தியர்களுக்கு அது இம்பூறல், சாயக்காரருக்குச் சாயவேர். மெல்லிய, நீண்ட வேரின் தோல் மஞ்சளோடிய செம்மஞ்சள் நிறம். படிகாரம் ஊட்டிய பருத்தித் துணியை அந்த வேர் அவித்த நீரில் போட்டால் எத்தனை தோய்ப்புக்கும் மங்காத சிவப்பு பிடிக்கும். சோழமண்டலக் கரையின் துணிகளை உலகம் தேடி வந்ததற்கு அந்தச் சிவப்பும் ஒரு காரணம். பயிரிட்ட வேரைவிடத் தானாக முளைத்ததில் சாயம் கூடுதல் என்று அந்தக் காலக் குறிப்புகள் சொல்கின்றன. யாழ்ப்பாணத்துத் தீவுகள், மன்னார், வன்னிக் கரை எங்கும் அது தானாக முளைத்தது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சாயவேரைத் தங்கள் தனியுரிமை ஆக்கினார்கள். வேர் கிண்டுவது குறித்த சில குலத்தாருக்குக் கட்டாய ஊழியமாக விதிக்கப்பட்டது. பின்வந்த ஆங்கிலேயரும் தொடக்கத்தில் அதே முறையில் வருமானம் பார்த்தார்கள். வெயிலில் குந்தியிருந்து, வேர் அறாமல் மணலைத் தோண்டியவனுக்கு மிஞ்சியது சொற்பம். ஆகவே, பொற்காலம் ஒன்று பறிபோனதாகக் கதை சொல்ல நான் வரவில்லை. ஆனாலும் வேரின் பெறுமதி இந்த மண்ணில் இருந்தது. எந்த மணலில், எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் கிண்ட வேண்டும் என்ற அறிவும் இங்கேதான் இருந்தது.

அந்த வேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரினை 1868இல் ஜேர்மனியரான கிறேபேயும் லீபர்மனும் நிலக்கரித் தாரிலிருந்து செய்து காட்டினார்கள். மறு ஆண்டு யூன் 25இல் ஜேர்மன் தரப்பும், அடுத்த நாளே இங்கிலாந்தின் பேர்கினும் இலண்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். ஒரு நாள் வித்தியாசம். சில ஆண்டுகளுக்குள் பிரான்சின் தெற்கே மஞ்சிட்டி வயல்கள் பாழாகின. இங்கிலாந்து ஆலைத் துணி ஏற்கெனவே நலிவித்திருந்த சாயவேர்த் தொழிலுக்கும் அதுவே கடைசி அடி. இன்று நெடுந்தீவில் அந்தப் பூண்டை மிதித்துக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரியும்?

இதே சிவப்பை இப்போது நுண்ணங்கியிடம் கேட்கலாமா? பாதையின் தொடக்கம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஈ. கோலை தனக்கு வேண்டிய விற்றமின் கே வகைப் பொருளைச் செய்யப் போகும் பாதையின் முதற் படிகளும், சாயவேர்க் குடும்பத் தாவரங்கள் தங்கள் சிவப்பைச் செய்யப் போகும் பாதையின் முதற் படிகளும் ஒன்றுதான். மிஞ்சிய படிகளின் நொதியங்களைத் தாவரத்திலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். செய்வது இலகு என்று எண்ணிவிடக் கூடாது. தென்கொரியாவில் சங் யூப் லீ குழு, பூச்சியிலிருந்து எடுக்கப்படும் கார்மினிக் அமிலம் என்ற சிவப்பை 2021இல் ஈ. கோலையில் செய்தது. கிடைத்தது ஒரு லீற்றருக்கு ஒரு மில்லிகிராமிலும் குறைவு. வழி இருக்கிறது என்று காட்டியாயிற்று; விளைச்சல் இனித்தான் வர வேண்டும். விளைச்சலைக் கூட்டுவதற்கே மாதிரியாக்கம்.

விலை விழுந்தால் யாருக்கு அடி?

மலேரியாவுக்கு எதிரான ஆட்டிமிசினின் மருந்தின் கதை இதில் நல்ல பாடம். போர்க்காலத்து வடக்கு மலேரியாவால் எவ்வளவு வாடியது என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2016 செப்டெம்பரில்தான் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அந்த மருந்தின் மூலம் ஒரு செடி. சீனா, வியட்நாம், கிழக்காபிரிக்காவின் சிறு விவசாயிகள் அதைப் பயிரிட்டார்கள். விளைச்சல் கூடினால் விலை விழும். விழுந்தால் அடுத்த போகம் பயிரிட மாட்டார்கள். மருந்துக்குத் தட்டுப்பாடு வரும்.

கலிபோர்னியாவில் ஜே கீஸ்லிங் குழு அந்த மருந்தின் முன்னோடிப் பொருளை மதுவத்தில் செய்தது. 150 மனித ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு. 2013இல் ஒரு லீற்றருக்கு 25 கிராம் எட்டினார்கள். சனோஃபி நிறுவனம் இத்தாலியின் கரேசியோவில் ஆலை தொடங்கி, ஆண்டுக்கு 50 முதல் 60 தொன் இலக்கு வைத்தது. பிறகு நடந்ததை யாரும் மாதிரியில் எழுதவில்லை. விவசாயிகள் நிறையப் பயிரிட்டதில் செடி ஆட்டிமிசினின் விலை கிலோ 250 டொலருக்குக் கீழே போனது. மதுவத்தில் செய்தது 350 டொலருக்கு மேல். 2015இல் ஆலையில் உற்பத்தியே இல்லை. 2016இல் வேறு நிறுவனத்துக்கு விற்கும் நிலைக்கு வந்தது.

கீஸ்லிங் தொடங்கிய அமிரிஸ் நிறுவனம் மதுவத்திலிருந்து ஸ்குவாலேன் செய்து, அதற்காகச் சுறாக்களின் ஈரலை எடுப்பதைக் குறைக்க வழிகாட்டியது. கடலுக்கு அது நல்ல செய்தி. அந்த நிறுவனமே 2023 ஓகஸ்ட்டில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது.

ஆகவே, மதுவம் வந்தால் விவசாயி அழிவான் என்று சொல்வதும் தவறு. மதுவத்தால் எல்லாருக்கும் மலிவாகக் கிடைக்கும் என்று சொல்வதும் தவறு. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். விலையும் விற்பனையும் யாருடைய கையில் என்பதைத் தீர்மானிக்கும் மேசையில், செடி வளர்த்தவருக்கு இடம் இருக்கவில்லை. சாயவேர் கிண்டியவருக்கும் இருக்கவில்லை.

வெக்கையைத் தாங்கும் மதுவம்

தீவுகளில் பெரிய நொதிப்பு ஆலை வருமா? வராது, வர வேண்டும் என்று கேட்பதும் சரியில்லை. நெடுந்தீவில் குடிதண்ணீரே பெரும்பாடு. மின்சாரம் நெடுங்காலம் டீசல் இயந்திரத்தில் ஓடிய ஊர் அது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய, காற்றாலைக் கலப்பு மின்திட்டங்கள் அமைக்க 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமாகியது. அது வீடுகளுக்கு வெளிச்சம் கொடுக்கட்டும். பெரிய நொதிப்புத் தொட்டி நாளும் பொழுதும் குளிர்நீர் கேட்கும். மதுவம் வேலை செய்யும்போது வெப்பம் வெளிவிடும், சாதாரண மதுவம் 30 பாகையைச் சுற்றித்தான் நன்றாக வேலை செய்யும்.

ஆனால் இந்தக் குறையையே ஆய்வுப் பொருளாக எடுத்தவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உயிர் இரசாயனவியல் துறையில் பேராசிரியர் கந்தையா பாலசுப்பிரமணியம், பேராசிரியர் வசந்தி அரசரத்தினம் ஆகியோர் நொதிப்பு ஆய்வைப் பல ஆண்டுகள் நடத்தினார்கள். இங்கேயே பிரித்தெடுத்த வெப்பந்தாங்கும் மதுவம் ஒன்றைப் புறவூதாக் கதிர் கொண்டு மேலும் திருத்திய ஆய்வை, ஆய்வாளர் பாலகுமாரோடு சேர்ந்து 2001இல் பன்னாட்டு ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஆண்டைக் கவனியுங்கள். மின்சாரமும் இரசாயனமும் பாதையும் எண்ணி எண்ணிக் கிடைத்த காலம் அது. வசந்தி அரசரத்தினம் பின்னர் அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

கதிர் காட்டித் திருத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவது: எந்தப் பரம்பரையலகு மாறியது என்று தெரியாது, நல்லது வந்தால் எடுத்துக்கொள்வோம். இன்று அதே மதுவத்தின் மரபுத்தொகுதியை வாசித்து, பொது மாதிரியோடு ஒப்பிட்டு, இது ஏன் வெக்கையைத் தாங்குகிறது, தாங்கும்போது எந்தப் பாதை மாறுகிறது என்று கேட்க முடியும். அதற்கான மென்பொருள்கள் இலவசம். மதுவத்தின் மாதிரியும் ஈ. கோலையின் மாதிரியும் யாரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் கிடக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. சமன்பாடு தீர்ப்பவரும் மதுவம் வளர்ப்பவரும் நடந்துபோய்ச் சந்திக்கும் தூரம். கோடிக்கணக்கில் பணம் கேட்காத, நல்ல மூளையும் பொறுமையும் கேட்கிற இப்படியொரு துறை எங்கள் பிள்ளைகளுக்கு எப்போதாவதுதான் வாய்க்கும். இதைப் பாடத்திட்டத்தில் சேர்க்க இன்னும் என்ன தயக்கம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கடலும் கைகொடுக்கும். தீவுகளின் கரையில் ஒதுங்கும் கபிலப் பாசியில் அல்ஜினேற்று என்ற மாப்பொருள் போன்ற ஒன்று நிறைய உண்டு. சாதாரண நுண்ணங்கிகள் அதைத் தொடாது. 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஈ. கோலையை அதைத் தின்னும்படி மாற்றி, பாசியிலிருந்து நேரே எத்தனோல் எடுத்துக் காட்டினார்கள். கரும்பும் சோளமும் விளையாத தீவுக்குப் பொருந்தும் தீனி பாசிதான்.

பெட்டிச் செய்தி: மாற்றிய நுண்ணங்கி வெளியே வந்தால்?

இந்தப் பயம் நியாயமானது. தொழிற்சாலை நுண்ணங்கிகளில் பல, வெட்டப்பட்ட பரம்பரையலகுகளால் வெளியே போட்டியிட்டு வாழ வலுவிழந்தவை. ஆனால் அதை நம்பி மட்டும் இருக்க முடியாது. மூடிய தொட்டி, கழிவைக் கொதிக்கவைத்துக் கொல்லுதல், கண்காணிப்பு எல்லாம் வேண்டும். உயிர்ப்பாதுகாப்புக்கான கார்டகேனா ஒப்பந்தத்தை இலங்கை 2004இல் ஏற்றது. கணினியில் மாதிரி போடுவதற்கு இந்த ஆபத்து எதுவும் இல்லை. தொடங்குவதற்கு அது ஒரு வசதி.

யாருடைய மதுவம்?

முன்பு சாயவேரைக் கொண்டுபோகத் தோணி வேண்டும். இன்று மதுவத்தைக் கொண்டுபோகத் தோணி தேவையில்லை. அதன் மரபுத்தொகுதி வரிசையைக் கணினிக் கோப்பாக அனுப்பினால் போதும். உலகின் இன்னொரு மூலையில் அதே பரம்பரையலகை இரசாயனமாகவே எழுதிக்கொள்வார்கள். எந்த ஊர்ப் பனையில், யார் இறக்கிய முட்டியில் இருந்தது என்ற செய்தி கோப்பில் இல்லாவிட்டால் உரிமை கேட்க ஆதாரமும் இல்லை.

இந்த ஓட்டையை அடைக்க உலக நாடுகள் ஒரு தொடக்கம் செய்திருக்கின்றன. 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய உயிர்ப்பல்வகைமை மாநாட்டில் முடிவாகி, 2025 பெப்ரவரி 25இல் உரோமில் காலி நிதியம் தொடங்கப்பட்டது. மரபு வரிசைத் தகவல்களைப் பயன்படுத்தி இலாபம் ஈட்டும் பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் 1 வீதம் அல்லது வருமானத்தில் 0.1 வீதம் அதில் போட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. குறைந்தது பாதி, பூர்வகுடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும். கட்டாயமில்லை என்பதுதான் குறை. மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் தாமாகக் கை நீட்டிக் கொடுக்கும் என்று நம்பியிருந்தால் ஏமாறுவோம். ஆனால் கொடுக்கிற நாள் வரும்போது, கேட்பதற்குப் பதிவு இருக்கிற சமூகம்தான் வாங்கும்.

அந்தப் பதிவை உண்டாக்கும் வேலை சின்னது. ஒவ்வொரு தீவிலும் பனந்தோப்புத் தோப்பாக, முட்டியிலிருந்து சில மில்லிலீற்றர் கள்ளு. ஆய்வுகூடத்தில் மதுவத்தைப் பிரித்து, கிளிசரோல் கலந்து, சுழியத்துக்குக் கீழே 80 பாகையில் உறைய வைக்க வேண்டும். கூடவே ஒரு தாள்: ஊர், தோப்பு, ஆண்பனையா பெண்பனையா, எத்தனையாம் நாள் சீவல், முட்டி மண்ணா பிளாத்திக்கா, முன்பு சுண்ணாம்பு பூசியதா, இறக்கியவர் யார். கடைசி வரியில் அவர் சம்மதமும், இதிலிருந்து வருமானம் வந்தால் அவருக்கும் ஊருக்கும் என்ன பங்கு என்பதும். பாளை வெடிக்கும் பருவத்துக்கு முன்பு அந்தத் தாளைத் தமிழில் எழுதி, பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களின் பொதுக்கூட்டத்தில் வாசித்து, சீவல் தொழிலாளர்கள் திருத்தச் சொல்வதைத் திருத்தி முடிக்க வேண்டும். மாதிரி எடுப்பது அதற்குப் பிறகு.